கடைசி இலக்கம்

எங்கள் கல்லூரியின் தமிழ்த்துறைக் கணிப்பொறிக்கு அண்மையில் ஓய்வு கொடுத்தோம். இயந்திரத்தில் பெரிய பழுது ஒன்றும் இல்லை. தட்டச்சுப் பலகையில் 'ழ' வரும் விசையை மட்டும் சற்று அழுத்த வேண்டியிருந்தது. ஆனால் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கும் ஆபிஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதன்பின் அவற்றில் புதிதாக ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் வரமாட்டார். பூட்டுச் செய்த ஆசாரி ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று தெரிந்தபின் அந்தப் பூட்டைப் பூட்டிவிட்டு எப்படி நிம்மதியாக உறங்குவது?

பழைய கணிப்பொறியிலிருந்து கோப்புகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது ஓர் அட்டவணை கண்ணில் பட்டது. அதன் பெயர் 'உதவித்தொகை இறுதி திருத்தியது 3'. அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்கு இப்படிப்பட்ட பெயர்களின் வரலாறு தெரியும். முதலில் 'இறுதி' வரும், பிறகு அதையும் திருத்த வேண்டி வரும். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தோம், மூடினோம், அழிக்க மனம் வரவில்லை. அது ஏன் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

துறையில் நாங்கள் ஐவர். ஐவரும் தமிழ் படித்தவர்கள், கணிப்பொறியை முறையாகக் கற்றவர் ஒருவரும் இல்லை. பாடம் நடத்துவதற்காகத்தான் பணிக்கு வந்தோம். வந்தபின் மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு, உதவித்தொகை விவரம், தரமதிப்பீட்டு அறிக்கை என்று எங்கள் நாளில் பாதி அட்டவணைகளுக்குள் கழியலாயிற்று. ஆகவே இது வல்லுநர்களின் கட்டுரை அன்று. தினமும் அடிபடுகிறவர்களின் கட்டுரை.

*

எங்களுள் சிலர் முதுகலை பயின்றது 2000த்தின் தொடக்க ஆண்டுகளில். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய ஆம்பூரிலும் வேலூரிலும் இருந்த டி.டி.பி. கடைகளே கதி. அங்கே பெரும்பாலும் பாமினி எழுத்துரு. திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று நாம் காண்பது கணிப்பொறிக்கு எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா அரைப்புள்ளியோடு நிற்பாள்.

இதில் ஒரு விபத்து காத்திருந்தது. சொற்செயலி மென்பொருளுக்கு ஓர் ஆங்கில நற்பழக்கம் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்து சிறிய எழுத்தாக இருந்தால், கேட்காமலே பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சிறிய 'எம்' அகரம், பெரிய 'எம்' ஆகாரம். விளைவு, வாக்கியத் தொடக்கத்தில் 'அவர்' எல்லாரும் 'ஆவர்' ஆயினர். 'அறு' 'ஆறு' ஆயிற்று. எங்களில் ஒருவருடைய ஆய்வேடு அகத்திணை பற்றியது. 'அகம்' என்று தொடங்கிய வாக்கியங்களெல்லாம் 'ஆகம்' என்று தொடங்கின. ஆகம் என்றால் மார்பு, உடம்பு. அதுவும் சங்கச் சொல்தான் என்பதால் மெய்ப்புப் பார்த்தவர் கண்ணிலும் அது தவறாகப் படவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "ஆகத்திணையா? புதிதாக இருக்கிறதே" என்றார். அன்று சிரிக்க முடியவில்லை. இன்று சிரிக்கிறோம்.

அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் தரமாக ஏற்கப்பட்டன. ஒருங்குறியில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும் பல ஆண்டுகள் எங்களுக்கு வந்த சுற்றறிக்கைகள் ஏதாவது ஒரு பழைய எழுத்துருவில் வந்துகொண்டிருந்தன. அது எங்கள் கணிப்பொறியில் இல்லையென்றால் சுற்றறிக்கை, கிறுக்கிய சுவராகத் தெரியும்.

ஒருங்குறி வந்தபின் அகம் அகமாகவே நின்றது. ஆனால் வேறு சங்கடங்கள் முளைத்தன. மாணவர் பெயர்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னால், குறியெண் வரிசையை மட்டும் அறிந்த செயலிகள் நகரத்தை அடுத்து னகரத்தைக் கொண்டுவந்து வைத்தன. 'ய ர ல வ ழ ள ற ன' என்று திண்ணைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும் வரிசை அவற்றுக்குத் தெரியாது. இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. ஆம்பூரில் விழா அழைப்பிதழ் என்றால் தமிழும் உருதுவும் ஆங்கிலமும் ஒரே தாளில் வரவேண்டும். இடமிருந்து வலமாக ஓடும் வரிக்குள் வலமிருந்து இடமாக ஓடும் பெயர் ஒன்றை இட்டால், சுட்டி நாம் எதிர்பாராத பக்கத்துக்குத் தாவும், அடைப்புக்குறி புறங்காட்டி நிற்கும், முற்றுப்புள்ளி வரியின் தலைமாட்டுக்குப் போய்விடும். உருதுத்துறை நண்பரும் நாங்களும் ஒரு முழு மாலை அமர்ந்து ஓர் அழைப்பிதழின் நான்கு வரிகளை ஒழுங்குபடுத்தியது உண்டு. தெருவில் இரண்டு மொழியும் இடிக்காமல் நடக்கின்றன, தாளில்தான் முடியவில்லை என்றார் அவர்.

*

இவையெல்லாம் எரிச்சல்கள். அச்சம் தந்தவை வேறு.

ஆவணம் என்பது படிப்பதற்கு உரியது, அது தானாக எதுவும் செய்யாது என்று நாம் நம்பி வளர்ந்தோம். ஓலைச்சுவடி யாரையும் கடித்ததில்லை. அலுவலக மென்பொருள் அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு உதவியாக, ஆவணத்துக்குள்ளேயே கட்டளைகளை எழுதிவைக்கும் 'மேக்ரோ' என்ற வசதியைத் தந்தார்கள். கட்டளை எழுதலாம் என்றால் தீய கட்டளையும் எழுதலாம். 1995இல் 'கான்செப்ட்' என்ற நச்சுநிரல் வேர்டு ஆவணங்களின் வழியே பரவியது. 1999 மார்ச்சில் 'மெலிசா', தான் புகுந்த கணிப்பொறியின் முகவரிப் புத்தகத்திலிருந்து முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அஞ்சல் செய்துகொண்டது. 2000 மே மாதத்தில் மணிலாவிலிருந்து கிளம்பிய காதல் கடிதத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அது மேக்ரோ அன்று, தனி நிரல். ஆனால் கோப்பின் பெயரில் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துவைக்கும் வழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டு, வெறும் உரைக்கோப்பு போல வேடமிட்டு வந்தது. ஓட்டை ஒருபுறம், ஆசை ஒருபுறம். இரண்டும் சேர்ந்தால் எந்தக் கோட்டையும் திறக்கும்.

எங்களைத் தாக்கியவை இவ்வளவு புகழ் பெற்றவை அல்ல. 2000களின் பிற்பாதியில் எங்கள் உலகம் பென் டிரைவில் சுழன்றது. டி.டி.பி. கடையிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து அலுவலகத்துக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. செருகியதுமே அதற்குள் இருப்பதைத் தானே ஓடவிடும் வசதி அன்றைய விண்டோஸில் இருந்தது. நச்சுநிரல்களுக்கு அதைவிட நல்ல வாசல் எது? பென் டிரைவுகளுக்கு அந்த வாசலை 2011இல்தான் அடைத்தார்கள். அதற்குள் கருத்தரங்கக் கட்டுரைகள் இருந்த கோப்புறைகள் ஒருநாள் மறைந்து, அவற்றின் பெயரில் குறுக்குவழிச் சின்னங்கள் முளைத்திருந்தன. கட்டுரையாளர்கள் பதினேழு பேருக்கும் தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டு மறுபடி வாங்கினோம். இருவர் கையெழுத்துப் படியை எறிந்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு கட்டுரைகள் இன்றுவரை இல்லை.

பின்னாளில் படித்த ஒரு செய்தி எங்களை வெகுநேரம் யோசிக்க வைத்தது. சமன்பாடுகள் எழுத உதவும் ஒரு சிறு கருவி ஆபிஸுக்குள் இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டு, பதினேழு ஆண்டுகள் ஏறக்குறைய கைபடாமல் கிடந்தது. அதிலிருந்த குறை ஒன்றைக்கொண்டு, ஓர் ஆவணத்தைத் திறக்கச் செய்தே கணிப்பொறியைக் கைப்பற்றலாம் என்று 2017 நவம்பரில் வெளியாயிற்று. 2018 ஜனவரியில் அந்தக் கருவியையே நீக்கிவிட்டார்கள். தமிழ்த்துறையில் நாங்கள் ஒரு நாளும் ஒரு சமன்பாடு எழுதியதில்லை. வாழ்நாளில் திறந்திராத அறையின் சன்னல் அத்தனை காலமும் திறந்தே கிடந்திருக்கிறது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுத்துவைக்கும் ஏற்பாடு 2022இல் வந்தது. 'கான்செப்ட்' வந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் மேக்ரோ இல்லாமலே தாக்கும் 'ஃபோலினா' என்ற வழி வெளிப்பட்டது.

தோல் ஊரில் இது ஏட்டுச் செய்தி அன்று. எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் இருக்கிறார். வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து வந்ததுபோன்ற ஒரு மின்னஞ்சலில் இணைப்பாக வந்த விலைப்பட்டியலை அவர் திறந்தார். ஒன்றும் தெரியவில்லை, மூடிவிட்டார். சில வாரங்கள் கழித்து, அந்த வாங்குநர் அனுப்பவேண்டிய தொகை வந்து சேரவில்லை. விசாரித்தபோது, "உங்கள் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாக நீங்கள்தானே எழுதினீர்கள்" என்று பதில் வந்தது. இவருடைய அஞ்சல்பெட்டிக்குள் அமர்ந்து, நடந்துகொண்டிருந்த உரையாடலைப் படித்து, இவருடைய நடையிலேயே யாரோ எழுதியிருந்தார்கள். "என் ஆங்கிலத்தில் வழக்கமாக வரும் பிழைகூட அந்தக் கடிதத்தில் இருந்தது ஐயா" என்று அவர் எங்களிடம் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. வேலை போகவில்லை. ஆனால் ஓராண்டு அவர் எந்த இணைப்பையும் பக்கத்து இருக்கைக்காரரை அழைத்துக் காட்டாமல் திறக்கவில்லை.

எங்கள் பங்கையும் மறைக்கக் கூடாது. துறைக் கணிப்பொறியில் சில ஆண்டுகள் உரிமமற்ற பிரதிதான் ஓடியது. கடைக்காரர் 'போட்டுக்' கொடுத்தார், நாங்கள் கேள்வி கேட்கவில்லை. திருத்தங்கள் ஒழுங்காக வராது என்பது அந்த மலிவின் விலை. கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று உண்டு என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழக அரசின் எல்காட் நிறுவனமே 2000களின் பிற்பாதியில் லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாறிக் காட்டியது. 2010இல் அதிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபிஸ் தமிழ் இடைமுகத்தோடும் கிடைக்கிறது. நாங்கள் மாறவில்லை. பழகியதை விடமுடியாத சோம்பல்தான் காரணம்.

*

இனி அந்த அட்டவணைக்கு வருவோம்.

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி உதவித்தொகைக்காக மாணவர்களின் வங்கிக் கணக்கு விவரங்களைத் தொகுத்து அனுப்பும் பணி எங்கள் துறையிடம் வந்தது. நாற்பத்தொரு பேர். பெரும்பாலோர் ஷூ கம்பெனிகளிலும் டேனரிகளிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். ஒருவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்க, மற்றொருவர் தட்டச்சு செய்தார். இருவரும் கவனமாகவே இருந்தோம்.

சில கணக்கு எண்கள் நீளமானவை, பதினாறு இலக்கம். அவற்றை இட்டவுடன் திரையில் எண் சுருங்கி, தசமப்புள்ளியும் நடுவில் ஓர் ஆங்கில 'ஈ'யுமாக மாறிற்று. ஈ வந்து உட்கார்ந்தால் விரட்டத்தானே வேண்டும்? விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டோம். அந்தப் பத்தியை 'எண்' என்று வடிவமைத்துத் தசமத்தை நீக்கச் சொன்னார். செய்தோம். ஈ பறந்தது, பதினாறு இலக்கங்களும் வரிசையாகத் தெரிந்தன. அச்செடுத்தோம், கையொப்பமிட்டோம், அனுப்பினோம்.

மூன்று மாதம் கழித்து முப்பத்து மூன்று பேருக்குப் பணம் வந்தது. எட்டுப் பேருக்கு வரவில்லை. அந்த எட்டுப் பேரும் பதினாறு இலக்கக் கணக்கு உடையவர்கள், ஒரே வங்கி. ஆகவே குறை வங்கியினுடையது என்று முடிவு கட்டினோம். ஆனால் அதே வங்கியில் அதே பதினாறு இலக்கக் கணக்கு வைத்திருந்த இன்னொருத்திக்குப் பணம் வந்திருந்தது. அது ஏன் என்று கேட்டுக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. வங்கிக்கு ஒரு கடிதம், மேலிடத்துக்கு ஒரு கடிதம் என்று எழுதிவிட்டுப் பாடம் நடத்தப் போய்விட்டோம்.

எட்டுப் பேரில் எழுவர் எப்படியோ சமாளித்தார்கள். ஒருத்தி வரவில்லை. இளங்கலை இரண்டாமாண்டு படித்தவள், யாப்பில் நல்ல தேர்ச்சி, எந்த வெண்பாவைக் கொடுத்தாலும் கரும்பலகையில் அலகிட்டுவிடுவாள். தாய் ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். கட்டணம் கட்டும் நாள் கடந்தபின் மகளும் அதே கம்பெனியின் பேருந்தில் ஏறத் தொடங்கியிருந்தாள். சக மாணவி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. எங்களில் இருவர் வீட்டுக்குப் போனோம்.

அவளுடைய அம்மா கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து எங்கள் பட்டியலின் படியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் நாள்தோறும் தையல் இழை நூல் அளவு விலகியிருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண்கள். "சார், எங்களுது ஏழுல முடியுது. நீங்க சைபர் போட்டிருக்கீங்களே" என்றார்.

அன்று மாலையே கல்லூரிக்குத் திரும்பி மற்ற எட்டையும் பார்த்தோம். எல்லாம் பூச்சியத்தில் முடிந்தன. பணம் வந்த அந்த ஒருத்தியின் கணக்கு இயல்பாகவே பூச்சியத்தில் முடிவது. நாங்கள் ஏழு என்றே தட்டியிருந்தோம். தட்டிய ஏழை இயந்திரம் வாங்கிக்கொண்டு பூச்சியத்தைத் திருப்பித் தந்திருந்தது. அட்டவணை மென்பொருள்கள் எண்களைச் சேமிக்கும் முறை 1985இல் ஐ.இ.இ.இ. 754 என்று தரப்படுத்தப்பட்டது. ஓர் எண்ணுக்கு அறுபத்து நான்கு பிட்டுகள். அதில் நிச்சயமாகப் பாதுகாக்கத்தக்கவை பதினைந்து இலக்கங்கள். நாங்கள் பயன்படுத்திய செயலி பதினாறாவதைக் கைவிட்டு அந்த இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பும். ஓசை எழாது, எச்சரிக்கை வராது. ஈயை விரட்டிய நேரத்தில் இலக்கம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

தமிழ் இலக்கணம் படித்த எங்களுக்கு அன்று ஒன்று உறைத்தது. கணக்கு எண் என்பது எண்ணே அன்று. அதைக் கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. இலக்கங்களால் ஆன ஓர் இடுகுறிப்பெயர் அது. பெயரின் ஈற்றெழுத்தை யாரும் 'ஏறத்தாழ' என்று வைத்துக்கொள்ள மாட்டார்கள். இயந்திரமோ இலக்கத்தைக் கண்டாலே அளவு என்று கொள்கிறது.

*

இது எங்கள் அறியாமையால் மட்டும் நேர்ந்ததா என்று பிறகு தேடிப் பார்த்தோம். கற்றவர்களும் இதே சேற்றில் விழுந்திருக்கிறார்கள். மரபணுக்களின் சுருக்கப் பெயர்கள் சிலவற்றை எக்செல் தேதிகளாக மாற்றிவிட்டது. 'மார்ச் 1' என்ற மரபணு மார்ச் மாதத்து முதல் நாளாயிற்று. ஆய்விதழ்களின் இணைப்பு அட்டவணைகளில் இப்பிழை மலிந்து, கடைசியில் 2020இல் மரபணுப் பெயரீட்டுக் குழுவினர் மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவைத்தார்கள். மென்பொருள் வளையவில்லை, அறிவியல் வளைந்தது. அதே 2020இல் இங்கிலாந்தில் கொரோனாத் தொற்று விவரங்களைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. நிரம்பி வழிந்ததில் 15,841 பேரின் விவரங்கள் சில நாள்கள் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அத்தனை நாள் தாமதமாயிற்று. 2023 அக்டோபரில், இத்தகைய தானியங்கி மாற்றங்களை நிறுத்திக்கொள்ளும் வசதியை எக்செலில் சேர்த்தார்கள். நீண்ட எண்களைப் பதினைந்து இலக்கத்தோடு வெட்டுவதும் அப்பட்டியலில் உண்டு. நாமே தேடிச் சென்று நிறுத்த வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 'முதலிலேயே அந்தப் பத்தியை உரை என்று வடிவமைத்திருக்க வேண்டும், உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது' என்பார்கள். உண்மை. எங்கள் பிழையை நாங்கள் மறுக்கவில்லை. இக்கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்று எழுதுவதும் தன்மைப் பன்மை என்ற மரபுக்காக மட்டுமன்று. படித்தவர், தட்டியவர், கையொப்பமிட்டவர், வங்கியைக் குறைசொல்லிக் கடிதம் எழுதியவர் என்று எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்த அம்மா அன்று கேட்ட கேள்விக்கு இந்த மறுப்பு விடையாகாது. அவர் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"கம்பெனியில நான் ஒரு தையல் தள்ளிப் போட்டா அந்த ஜோடியவே திருப்பி அனுப்பிடுவாங்க சார். இந்த மெஷினு ஒரு நம்பரயே மாத்திடுச்சு. இத யாருகிட்ட சார் திருப்பி அனுப்புறது?"

எங்களிடம் விடை இல்லை. யாரிடமும் இல்லை. மென்பொருளை நிறுவும்போது 'ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் படிக்காமலே குறியிட்டிருக்கிறோம். அந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான்: உள்ளது உள்ளபடி தருகிறோம், இதனால் உங்களுக்கு நேரும் இழப்புக்குப் பொறுப்பேற்க மாட்டோம்.

பொறுப்பு என்ற சொல்லை எங்கள் வட்டாரம் கடினமான வழியில் கற்றது. பாலாற்றுப் படுகையில் டேனரிக் கழிவு நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்ததைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும், கேடு விளையாது என்று மெய்ப்பிக்கும் சுமையும் தொழில் நடத்துபவருடையதே என்ற கோட்பாடுகள் அத்தீர்ப்பின் வழியே இந்தியச் சட்டத்தில் வேரூன்றின. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பாலாறு அதனால் தெளிந்துவிடவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே ஆற்றைப் பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆயினும் 'உள்ளது உள்ளபடி தந்தோம், குடித்தது உங்கள் பொறுப்பு' என்று எந்த ஆலையும் தாளில் எழுதித் தப்பிவிட முடியாது என்பது நிலைபெற்றது.

ஐரோப்பாவுக்குப் போகும் எங்கள் ஊர்ச் செருப்பின் கதையும் அப்படியே. 2015 மே மாதம் முதல், தோலில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டினாலே, ஆறாம் நிலைக் குரோமியம் இருப்பதாகக் கொண்டு ஐரோப்பிய ஒன்றியம் அச்சரக்கை விற்க விடுவதில்லை. மூன்று மில்லிகிராம் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. அதற்காக இங்கே ஆய்வுக்கூடங்கள் உண்டு, சான்றிதழ்கள் உண்டு, இரவு முழுக்க விழித்திருந்து சரக்கைத் திரும்பச் சோதிக்கும் தொழிலாளர்கள் உண்டு. அந்த ஐரோப்பிய ஒன்றியமே 2024இல் மென்பொருளையும் ஒரு 'பொருள்' என்றே கொள்ளும் புதிய பொறுப்பு நெறியை இயற்றியது. பாதுகாப்புக் குறைகளை உரிய காலத்தில் திருத்தித் தரவேண்டும் என்று தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் ஒன்றும் அவ்வாண்டே வந்தது. அதன் முதன்மைக் கடமைகளுக்கு 2027 டிசம்பர் 11 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அவை எங்கள் துறையின் மேசைவரை வந்து சேருமா என்று சொல்லத் தெரியவில்லை. ஊதியம் வாங்காமல் கட்டற்ற மென்பொருள் எழுதித் தருகிறவர்மீது அதே சுமையை ஏற்றக்கூடாது என்பதும் நியாயம். ஆனால் அந்த அம்மாவின் கேள்வியை உலகில் வேறு சிலரும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதில் சிறு ஆறுதல்.

*

திருத்திய பட்டியல் போய், எட்டுப் பேருக்கும் பணம் வந்து சேர மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. அந்தப் பெண் திரும்பி வந்தாள். ஆனால் ஓராண்டு பின்தங்கி, தனக்கு இளையவர்களோடு அமர்ந்து படித்தாள். முன்போல முதல் வரிசையில் அமரவில்லை. படிப்பை முடித்துவிட்டாள். இப்போது அதே ஊரில் ஒரு நிறுவனத்தின் அலுவலகப் பிரிவில் இருக்கிறாள் என்று கேள்வி. நாள் முழுக்க அட்டவணைகள்தான் அவளுக்கும் வேலையாம்.

எங்கள் பழக்கம் சற்று மாறியிருக்கிறது. உரிமம் பெற்ற அல்லது கட்டற்ற மென்பொருளையே வைத்திருக்கிறோம். வெள்ளிதோறும் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து, கம்பியைக் கழற்றிவைக்கிறோம். பணம் அல்லது கணக்கு பற்றிய மின்னஞ்சல் எதுவானாலும், நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் தொலைபேசியில் அழைத்துக் கேட்காமல் நம்புவதில்லை. கணக்கு எண் பத்தியை, முதல் எண்ணை இடுவதற்கு முன்பே உரை என்று வடிவமைக்கிறோம். அதற்குப் பிறகும் அச்செடுத்த தாளை மாணவர் கையில் கொடுத்து, அவரவர் கணக்குப் புத்தகத்தோடு வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம். நாற்பது பேர் வரிசையாக நின்று இலக்கங்களைப் படிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் ஒரு பாடம் நடத்தியிருக்கலாம். இயந்திரம் மிச்சப்படுத்தித் தந்ததாகச் சொன்ன நேரம் அது.

புதிய கணிப்பொறிக்கு அந்தப் பழைய அட்டவணையையும் கொண்டுவந்துவிட்டோம். ஒன்பது கணக்கு எண்களும் இன்னும் பூச்சியத்திலேயே முடிகின்றன. அவற்றை நாங்கள் திருத்தவில்லை.